அமாவாசைக்குக் கூட்டம் கூடும் சந்துக்கடை

(திருநெல்வேலியில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அரண்மனை, அருங்காட்சியகம், கடற்கரை பற்றியெல்லாம் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன். வியட்நாமின் நடுப்பகுதியில் ஹுவே என்று ஒரு பழைய தலைநகரம் இருக்கிறது. அங்கே உச்சி வெயிலில், ஒரு சந்துக்குள், என் அம்மாவுக்கு ஒரு சைவச் சாப்பாடு கிடைத்தது. அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023இல் நேர் விமானம் வந்தது. அதன் பிறகு நம் பக்கத்து ஆட்கள் அந்த நாட்டுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்வருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், ஒரு சின்ன ரைஸ் குக்கர். பயண ஏற்பாட்டாளர்களின் விளம்பரத்தில் முதல் வரியே ‘மூன்று வேளையும் இந்திய உணவு’ என்பதுதான். அங்குள்ள டா நாங் நகரில் இறங்கியவுடன் பேருந்து நேராக ஒரு வட இந்திய உணவகத்து வாசலில் போய் நிற்கிறது. உள்ளே பன்னீர் மசாலா, நான், சீரக சாதம். அது நம் வீட்டுச் சாப்பாடும் இல்லை, அந்த ஊர்ச் சாப்பாடும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சைவச் சமையலைப் பேணி வளர்த்திருக்கிற ஒரு நாட்டுக்குப் போய், அதன் ஒரு கவளத்தைக்கூட வாயில் வைக்காமல் திரும்பி வருகிறார்களே என்று எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வெயில். மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், உங்களுக்கு வேண்டியதில்லை. ஆனி மாதம் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. அதே மேல்காற்று தூத்துக்குடிக்குப் போய்ச் சேரும்போது அனலாக அடிக்கிறது. ஈரத்தை மலைக்கு மேற்கேயும் மலைமேலும் இறக்கிவிட்டு, வெறும் காற்றாகக் கிழக்கே வருவதால் அப்படி. ஹுவேயிலும் இதே தென்மேற்குப் பருவக்காற்றுதான், இதே கதைதான். அங்கே மேற்கே நிற்கும் மலைத்தொடரின் பெயர் துருவோங் சோன். அதற்கு அந்தப் பக்கம் லாவோஸ். காற்று அங்கே மழையைப் பெய்துவிட்டு மலையேறி, கடற்கரைப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறிவிடுகிறது. ஊர்க்காரர்கள் அதற்கு ‘லாவோஸ் காற்று’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஜூன், ஜூலையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மழைக்காலமும் நமக்குச் சொந்தக்காரக் காலம்தான்: நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, அவர்களுக்கும் அக்டோபர், நவம்பரில்தான் வெள்ளம். பூமிப்படத்தில் இவ்வளவு தள்ளி இருக்கும் இரண்டு கரைகளுக்கும் வானம் ஒரே கணக்கில் நடக்கிறது.

ஹுவே, 1802 முதல் 1945 வரை ங்குயென் அரசர்களின் தலைநகரம். ஆற்றின் வடகரையில் பெரிய கோட்டை. கோட்டைக்குள் அரண்மனை வளாகம். அதில் நடக்கும்போது பெரும்பகுதி புல்வெளியும் அடித்தளக் கற்களுமாகத்தான் இருக்கும். 1968 போரில் அங்கே வாரக்கணக்கில் சண்டை நடந்தது. பல கட்டடங்கள் நொறுங்கிப்போயின. கூரை இருந்த இடத்தில் இப்போது வானம் இருக்கிறது. ஆகவே நிழல் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடந்தோம். கல் பாவிய முற்றத்தில் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது.

அன்று ஆனி அமாவாசை. அப்பா காலமானதிலிருந்து அம்மா ஓர் அமாவாசையைக்கூடத் தவறவிட்டதில்லை. காலையில் எதுவும் சாப்பிடமாட்டாள். மதியம் சமைத்து, காக்கைக்கு வைத்து, அதன் பிறகுதான் கை நனைப்பாள். விடுதியில் காலையில் கொடுத்த பழத்தைக்கூட அவள் தொடவில்லை. கோட்டையை விட்டு வெளியே வந்ததும் வாதுமை மரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏய்யா, இன்னைக்கி அமாவாசைல்லா. இங்க எதை நம்பி வாயில வைக்க?” என்றாள்.

நியாயமான கேள்வி. வியட்நாமிய அடுக்களையில் உப்பு வேலையைச் செய்வது பெரும்பாலும் நுவாக் மாம் என்னும் மீன்சாறு. நெத்திலியையும் உப்பையும் பெரிய மரத்தொட்டிகளில் அடுக்கி, ஓராண்டு அளவுக்கு ஊறவிட்டு வடிப்பார்கள். பு குவாக் தீவும் பான் தியெத் கடற்கரையும் இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். ஹுவேயில் இதோடு இறால் விழுதும் சேரும். கறி வேண்டாம் என்று சைகை காட்டினால், கறித்துண்டுகளை எடுத்துவிட்டு மனதார உபசரிப்பார்கள். ஆனால் அந்தக் கீரை வதக்கலில் மீன்சாறு இருக்கும். ஏமாற்று எதுவும் கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை அது உப்பு, அவ்வளவுதான்.

உச்சிப்பொழுது கழிந்தால் அந்த ஊர் அடங்கிவிடும். கடைகளின் இரும்புக் கதவு பாதி இறங்கிவிடும். உள்ளே தூளியில் ஆட்கள் படுத்திருப்பார்கள். அடங்கத் தொடங்கிய அந்தத் தெருவில் ஒரு சந்துமுனை மட்டும் கலகலப்பாக இருந்தது. ஸ்கூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே திரும்பின. திரும்பி வந்தவர்களின் வண்டிக் கைப்பிடியில் தூக்குவாளி தொங்கியது. அம்மாதான் அதை முதலில் கவனித்தாள். “கலியாண வீடா இருக்குமோ?” என்றாள். சந்துமுனையில் ஒரு கரும்புச்சாற்று வண்டி நின்றது. அதற்குப் பின்னால் சுவரில் சாத்திய ஒரு மரப்பலகையில் பெயின்ட்டால் எழுதியிருந்த இரண்டு சொற்கள்: ‘கோம் சாய்’. கோம் என்றால் சோறு. சாய் என்பது ரோமன் எழுத்தில் சி, எச், ஏ, ஒய் என்று நான்கே எழுத்து. சைவம் என்று பொருள். போகிறவர்கள் அந்த நான்கு எழுத்தின் வடிவத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஹுவேயில் இப்படிப்பட்ட சந்துக்குக் ‘கியெட்’ என்று பெயர். இரண்டு ஸ்கூட்டர்கள் உரசாமல் போகலாம், அவ்வளவு அகலம். இரண்டு பக்கமும் வேலி, வேலிக்குள் பாக்கு, முருங்கை, வாழை. கடை என்று தனிக் கட்டடம் எதுவும் இல்லை. ஒரு வீட்டின் முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். எவர்சில்வர் மேசைகள், முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் முக்காலிகள், கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுற்றும் மின்விசிறிகள். வாசல் பக்கம் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தட்டு தட்டாகக் கறி வகைகள். கையைக் காட்டினால் சோற்றின்மேல் எடுத்து வைப்பார்கள். அறுபது வயதிருக்கும் ஓர் அம்மையார் பரிமாறிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவரை அத்தை முறை சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

உட்சுவரில் உயரத்தில் குவான் ஆம் சிலை. நம் பௌத்த நூல்கள் அவலோகிதர் என்று சொல்லும் போதிசத்துவர். அதற்குக் கீழ்த்தட்டில் அந்த வீட்டு முன்னோர்களின் புகைப்படங்கள். முன்னால் வாழைப்பழச் சீப்பு, தாமரை மொட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஊதுபத்தி. அம்மா அதைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தட்டு வந்தது. முதலில் பலாப்பிஞ்சு. ஹுவேயின் பெயர்பெற்ற பண்டம் அது. பிஞ்சை வேகவைத்து, கையாலேயே நார் நாராகப் பிய்த்து, வறுத்த எள், வறுத்த நிலக்கடலை, கொஞ்சம் காரம், அவர்கள் ஊர் மூலிகைத் தழை, சோயாச் சாறு போட்டுப் பிசறி வைத்திருந்தார்கள். அசைவச் சமையலில் அதில் இறாலும் சேரும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதை அள்ளுவதற்குக் கரண்டி தரவில்லை. கருப்பு எள் பதித்த அரிசி அப்பளத்தைக் கரியடுப்பில் சுட்டு, கையகலத்துக்கு உடைத்துக் கொடுத்தார்கள். அப்பளத் துண்டால் பலாவை அள்ளி வாயில் போட வேண்டும். பிஞ்சு பலாவின் மென்மை, அப்பளத்தின் நொறுக்கு, எள்ளின் கசப்பு கலந்த மணம். வேறெதுவும் இல்லாவிட்டாலும் அதை மட்டும் தின்று எழுந்திருக்கலாம்.

பிறகு எலுமிச்சைப்புல்லும் மிளகாயும் போட்டு வற்ற வதக்கிய டோஃபு. வள்ளைக்கீரை வதக்கல். பாகற்காயைக் குடைந்து, உள்ளே காளானும் டோஃபுவும் அடைத்து வேகவைத்த தெளிந்த சாறு. பெரிய அத்திக்காயை மெல்லியதாகச் சீவிப் பிசறிய ஒரு கூட்டு. ஒரு சின்னக் கிண்ணத்தில் எள்ளுப்பொடி: வறுத்த எள்ளும் உப்பும் இடித்தது. மிளகாயும் பெருங்காயமும் இல்லை என்பதைத் தவிர நம் எள்ளுப்பொடியேதான். மடங்களில் துறவிகள் வெறும் சோற்றில் இந்தப் பொடியைத் தூவியே ஒரு வேளையை முடித்துக்கொள்வார்களாம். அம்மா முதலில் விரும்பித் தொட்டது இதைத்தான்.

தொட்டாள் என்றாலும் வாயில் வைக்கவில்லை. முதல் பிடிச் சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே காக்கை கண்ணில் படவில்லை. பரிமாறிய அம்மையார் கவனித்துவிட்டார். எங்களுக்குள் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. அவர் ஒரு சிறு கிண்ணத்தைக் கொண்டுவந்து அம்மாவின் கைக்குக் கீழே நீட்டினார். அம்மா பிடியை அதில் போட்டாள். அவர் அதை எடுத்துப் போய்த் தம் வீட்டுப் பெரியவர்களின் படத்துக்கு முன்னால் வைத்தார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதைச் சொருகிக் கும்பிட்டுவிட்டு வந்து சாப்பிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்காக என்று அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று அவரவர் வீட்டில் அவர்களும் செய்துவிட்டு வந்த காரியம்தான் அது.

வியட்நாமியரும் சந்திரனை வைத்தே மாதம் கணக்கிடுகிறார்கள். மாதத்தின் முதல் நாள் அமாவாசையை ஒட்டி வரும்; பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். இந்த இரண்டு நாளும் முன்னோர் படத்துக்குப் பழமும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடுவார்கள்; பலர் புலால் உண்ணமாட்டார்கள். சிலர் இந்த நாட்களுக்கு முந்தின நாளையும் சேர்த்து மாதத்துக்கு நான்கு நாள் சைவம் இருப்பார்கள். ஆறு நாள், பத்து நாள் இருக்கிறவர்களும் உண்டு. தெற்கே தாய் நின் பகுதியில் 1926இல் தோன்றிய காவோ தாய் சமயத்தாருக்கும் இந்த ஆறு நாள், பத்து நாள் கணக்கு உண்டு. ஆயுள் முழுக்கச் சைவமாகவே இருப்பவர்கள் சிலர். துறவிகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஏழாம் மாதப் பௌர்ணமி பெற்றோருக்கும் முன்னோருக்கும் உரிய பெருநாள். அன்று சைவக் கடைகளில் நிற்க இடம் இருக்காது.

அன்று அந்தத் தகரக் கூரைக்குக் கீழே யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். வெள்ளைச் சீருடையில் மாணவிகள், தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்த மின்வாரிய ஊழியர்கள், ஒரு கைக்குழந்தைக்காரி, தோங் பா சந்தையில் மீன் விற்கும் ஒரு பெண்மணி. மீன் விற்கிறவர் என்பதைப் பக்கத்தில் இருந்த இளைஞர் தம் கைப்பேசி மொழிபெயர்ப்பை நீட்டிச் சொன்னார். காலையில் மீன் விற்றுவிட்டு, மதியம் இங்கே பலாப்பிஞ்சு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி மீன் விற்கப் போகிறார். அதில் முரண் இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. அங்கே சைவம் என்பது ஆளைப் பொறுத்த காரியம் இல்லை. நாளைப் பொறுத்த காரியம். யார் சைவம், யார் அசைவம் என்று யாரும் யாரையும் அளப்பதில்லை. இன்று சைவமா இல்லையா என்பதுதான் கேள்வி.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் சைவச் சாப்பாடு என்றாலே அதோடு ஒரு சாதி நிழலும் சேர்ந்து வந்துவிடுகிறது. வாடகைக்கு வீடு கேட்கப் போனால் முதல் கேள்வியே அதுதான். ஆனால் நம் மக்களின் நடப்பு வேறு. 2014இல் மத்திய அரசு நடத்திய மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97க்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள் என்று தெரியவந்தது. அந்த 97 பேரின் வீடுகளில்தான் அமாவாசை, கார்த்திகை, வெள்ளிக்கிழமை, புரட்டாசிச் சனி எல்லாம் நடக்கின்றன. புரட்டாசியில் பிரியாணிக் கடைகள் காற்று வாங்குவதையும் கோழி விலை இறங்குவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். என் அம்மாவும் மற்ற நாளில் மீன்குழம்பு வைப்பவள்தான். ஆக, தமிழரில் பெரும்பாலோருடைய சைவம் நாள் சைவம். ஹுவேக்காரர்களின் சைவமும் அதுவே. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தின் சொந்தக்காரர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்காமல் பன்னீர் மசாலாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தச் சமையல் அங்கே எப்படி வேர் பிடித்தது? புத்தர் காலத்துத் துறவிகள் பிச்சையேற்று உண்டவர்கள். ஓட்டில் விழுந்ததை உண்ண வேண்டும் என்பது வழக்கம். இலங்கையிலும் தாய்லாந்திலும் இன்றும் அந்த மரபுதான். சீனத்தில் ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லியாங் அரசர் வூ, துறவிகள் புலாலும் மதுவும் தொடக்கூடாது என்று வலியுறுத்தினார். அந்த வழியே அங்கே நிலைத்தது. அப்போது வியட்நாமின் வடபகுதி சீன ஆட்சியில் இருந்ததால், மடங்கள் வழியாக அந்த ஒழுக்கம் அங்கும் பரவியது. 580இல் வினீதருசி என்னும் தென்னிந்தியத் துறவி வந்து தியானப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார் என்று வியட்நாமியப் பௌத்த மரபு சொல்கிறது. அவருக்குப் பின் வந்தவர்களில் பெரியவர் திரான் ஞான் தோங். மங்கோலியப் படையெடுப்புகளை முறியடித்த அரசர். பிறகு அரியணையைத் துறந்து மலையேறித் துறவியாகி, வியட்நாமுக்கே உரிய ஒரு தியான மரபை நிறுவினார். 1308இல் மறைந்தார்.

இந்த அரசருக்கும் ஹுவேக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஹுவே இருக்கும் நிலம் அவர் காலம் வரை வியட்நாமியருடையது இல்லை, சம்பா நாட்டுடையது. மி சோன் பள்ளத்தாக்கில் சிவாலயங்களை வரிசை வரிசையாகக் கட்டினார்களே, அந்தச் சாம் மக்களின் நாடு. 1306இல் திரான் ஞான் தோங்கின் மகளைச் சம்பா மன்னர் மணந்தார். அதற்குப் பரிசமாக இரண்டு மாவட்டங்களைக் கொடுத்தார். அதில் சேர்ந்ததுதான் இந்த நிலம். மி சோனில் 2020இல் நம் தொல்லியல் துறையினர் திருப்பணியின்போது ஒரே கல்லாலான சிவலிங்கத்தை வெளிக்கொணர்ந்தார்கள். நம் பயணிகள் தவறாமல் மி சோன் போகிறார்கள். பார்த்துவிட்டு அப்படியே வடக்கே நகர்ந்து, ஹுவேயில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

மடத்துச் சமையலில் ஒரு விதி நமக்கு வியப்பாக இருக்கும். புலால் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டு வகைகளும் விலக்கு. ஐந்து கார மணப் பொருட்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒன்றாகப் பெருங்காயத்தையும் சொல்வதுண்டு! நாம் வெங்காயத்துக்குப் பதிலாகப் பெருங்காயம் போடுகிறோம். அவர்கள் இரண்டையும் சேர்த்தே தள்ளிவைத்தார்கள். மணத்துக்கு என்ன செய்வது என்ற நெருக்கடியில்தான் எலுமிச்சைப்புல், இஞ்சி, காளான், வறுத்த எள், புளித்த சோயா என்று அவர்கள் கை வேறு பக்கம் போயிருக்கிறது.

டோஃபுவையும் சோயாத் தோலையும் மீன் வடிவத்திலும் கோழித்துண்டு வடிவத்திலும் செய்வதும் உண்டு. திதி விருந்துக்கு வரும் உறவினர்களுக்கு இலையில் குறை தெரியக்கூடாது என்று வந்த பழக்கம் அது. கைவேலை அபாரம். ஆனாலும் எனக்கு அதில் பிடிப்பு இல்லை. பலா பலாவாகவே வரும்போது இருக்கும் ருசி, அது கோழி வேஷம் போடும்போது இல்லை.

ஹுவேயின் சைவத்தைப் பேசினால் அதன் மடங்களைப் பேசாமல் முடியாது. 1963 மே 8ஆம் நாள், புத்தர் பிறந்தநாளில், பௌத்தக் கொடி பறக்கவிடக்கூடாது என்ற தடையை எதிர்த்து இந்த ஊர் மக்கள்தான் முதலில் திரண்டார்கள். ஒன்பது பேர் உயிரிழந்தனர். அடுத்த மாதம் 11ஆம் நாள் திக் குவாங் டுக் என்னும் துறவி சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில், நடுத்தெருவில் அமர்ந்தபடியே தம்மைத் தீக்கு இரையாக்கினார். அவர் வந்து இறங்கிய நீலநிற மோட்டார் கார், ஹுவேயில் ஆற்றங்கரையில் உள்ள தியென் மூ மடத்தில் இன்றும் நிற்கிறது. உலகம் அறிந்த துறவி திக் நாட் ஹான் 1926இல் பிறந்தது இந்த ஊரில். பதினாறு வயதில் தூ ஹியெவ் மடத்தில் சேர்ந்து, பல்லாண்டுகள் நாடு கடந்து வாழ்ந்து, 2018இல் அதே மடத்துக்குத் திரும்பி, 2022 ஜனவரியில் அங்கேயே கண்மூடினார். பைன் மரங்களுக்கு நடுவே உள்ள அமைதியான மடம். யாரும் போய்ப் பார்க்கலாம். இப்படி உயிரைக் கொடுத்துக் காத்த ஒரு சமய வாழ்வின் அன்றாட முகம்தான் அந்தச் சந்துக்கடை.

இனி, வெயிலுக்கு வருகிறேன். தயிர் இல்லாமல் எப்படி என்று இங்கே பலர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே தயிர்ச்சோறும் இல்லை, மோரும் இல்லை. அவர்களுடைய பழைய சமையலில் பாலுக்கே இடமில்லை. ஆனால் உடம்புக்குச் சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. மாம்பழம் சூடு என்பார்கள், பாசிப்பயறு குளிர்ச்சி என்பார்கள். கேட்டால் நம் வீட்டுப் பாட்டி பேசுவதுபோலவே இருக்கும். வெயில் நேரத்தில் சோற்றோடு தெளிந்த கீரைச் சாறு கட்டாயம். சாப்பிட்டு முடித்ததும் தாமரை விதையும் பாசிப்பயறும் போட்ட இனிப்புக் கஞ்சி, ஐஸ் கட்டி மிதக்க. ஹுவே தாமரைக் குளங்களின் ஊர்; அங்கத்துத் தாமரை விதைக்குத் தனி மதிப்பு.

அம்மாவை மிகவும் வியக்கவைத்தது வேறொன்று. ஒரு கண்ணாடித் தம்ளரில் பச்சையாக ஏதோ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏய்யா, இது வல்லாரைல்லா!” என்றாள். வல்லாரையேதான். அங்கே அதற்கு ராவ் மா என்று பெயர். பச்சையாக அரைத்து வடிகட்டி, சர்க்கரையும் ஐஸும் போட்டு, தெருவுக்குத் தெரு விற்கிறார்கள். நாம் ஞாபகசக்திக்கு என்று பிள்ளைகளை மிரட்டி ஊட்டும் கீரையை அவர்கள் கோடையில் வாங்கி வாங்கிக் குடிக்கிறார்கள். நம் ஊர்ப் பதநீர்க் கடை, சர்பத் கடைகளுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்றை யாராவது தொடங்கினால் நான் தினம் போய் நிற்பேன்.

இந்தத் தேடலை வியட்நாமோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. தாய்லாந்தில் சீன நாள்காட்டியின் ஒன்பதாம் சந்திர மாதத்தில் ஒன்பது நாள் சைவ விழா. மஞ்சள் கொடி கட்டிய தெருக்கடை எல்லாம் சைவம். எத்தியோப்பியாவில் புதன், வெள்ளி இரண்டு நாளும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையார் புலால், பால், முட்டை மூன்றையும் விலக்குவார்கள். அன்று எந்தக் கடைக்குப் போனாலும் பயறும் கடலைமாவுக் குழம்பும் கிடைக்கும். போகிற நாட்டில் எந்த நாளில், யாருக்காக, எதற்காக மக்கள் நோன்பு இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால் சோறு தானாக அகப்படும்.

வியட்நாம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள் சொல்லி முடிக்கிறேன். சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் நம்மவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியர் அங்கே வரிசையில் நின்று ஊதுபத்தி ஏற்றுவதைப் பாருங்கள். நகரத்தார் அங்கே வட்டிக்கடை நடத்திய காலத்தின் நினைவாக ஒரு முருகன் கோயிலும் உண்டு. பயணத் தேதி குறிக்கும்போது நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்காக இல்லை, சாப்பாட்டுக்காக. அந்த நாட்களில் மற்ற கடைகள்கூடச் ‘சாய்’ பலகையை எடுத்து வெளியே வைப்பது உண்டு. மற்ற நாட்களில் பெரிய மடங்களின் வாசல் பக்கம் உள்ள சந்துகளில் தேடுங்கள். “தோய் ஆன் சாய்”, நான் சைவம் சாப்பிடுகிறேன், என்ற ஒரு வாக்கியம் போதும். உச்சரிப்பு வராவிட்டால் விடுதியில் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் மீன்சாற்றையும் சேர்த்தே விலக்கிவிடுவார்கள். காபி கேட்டால் டின் பால் ஊற்றுவார்கள், வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசியாக ஒன்று. இந்தக் கடைகளில் சமைப்பது காலையில் ஒரு முறைதான். ஒரு மணிக்கு மேல் போனால் தட்டுகள் வழித்துக் கவிழ்த்திருக்கும். பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.